வருகைப் பதிவேடும் வறண்ட குழாய்களும்

கேள்வி:

டெல்டா மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் 2008 முதல் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 47. வயல்நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள்தான் என் ஆய்வு. 2020 வரை நான் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டால், '32 கட்டுரை வெளியிட்டவன்' என்பதுதான் முதலில் வரும் பதில்.

ஊரடங்கில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. எட்டு ஆண்டுகளாகச் சேர்த்த 61 பாசி வளர்ப்புகள் குழாய்களிலேயே காய்ந்துபோயின. பாதிக்கு மேல், என் வழிகாட்டியும் துறைத்தலைவருமாக இருந்த பேராசிரியர் தம் கையால் லேபிள் எழுதியவை. அவர் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார்.

என் பிரச்சினை அதுவல்ல. 2020-இல் சேர்ந்த முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவன். இணையவழி வகுப்பில் அவன் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் பெயரின் முதலெழுத்து. பொங்கலுக்குப் பிறகு அந்தக் கட்டமும் வரவில்லை. அரசு மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்த நேரம் அது. அதனால் ஏய்க்கிறான் என்றே முடிவுகட்டினேன். 31 நாட்கள் 'ஆப்சென்ட்' போட்டேன். ஒருமுறைகூட அழைத்து விசாரிக்கவில்லை. பிறகு பெயரை நீக்கினோம்.

2022 டிசம்பரில் ஒரு திருமணத்துக்காகத் திருப்பூர் போயிருந்தேன். டீக்கடையில், "சர்க்கரை குறைவாக ஒரு டீ" என்றேன். பக்கத்தில் நின்ற இளைஞன் திரும்பினான். "சார், நீங்கள் பாட்டனி சார்தானே? குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்" என்றான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அதை நான் பார்த்ததே இல்லை. கஜா புயலில் அவர்களுடைய தென்னந்தோப்பு போய், கடன் ஏறி, அப்பா திருப்பூருக்கு வந்திருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே போன் அவருடையது. அவரோடு போனும் வந்துவிட்டது. ஒரு மாதத்தில் மகனும் வந்துவிட்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை, அவனே கொடுத்தான்.

அன்றிலிருந்து நான் வேறு ஆள். மூன்று நாள் ஒரு மாணவர் வராவிட்டால் சனிக்கிழமை வீட்டுக்கே போய்விடுகிறேன். கட்டுரை எழுதுவதில்லை. பதவி உயர்வுக் கோப்பு இழுப்பறையில் கிடக்கிறது. எண்ணிக்கை வியாபாரிகளாகிவிட்ட சக ஆசிரியர்கள் என்னைச் 'சமூக சேவகர்' என்று கேலி செய்கிறார்கள். "யாருக்குக் கடன்பட்டு இப்படி அலைகிறீர்கள்?" என்று மனைவி கேட்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நான் இப்போது ஆய்வாளனா, ஆசிரியனா? என் மதிப்பீடுகள் உண்மையிலேயே மாறிவிட்டனவா? அல்லது சோம்பேறித்தனத்துக்குச் சேவை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேனா?

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்பதால் அதற்கு முதலில் பதில். நீங்கள் சோம்பேறி இல்லை. வாரம் முழுவதும் வகுப்பெடுத்துவிட்டுச் சனிக்கிழமை வெயிலில் வாய்க்கால் கரையோரம் மாணவர் வீடு தேடிப் போகிறவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எதிலிருந்தோ ஒதுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எதிலிருந்து என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுத்துவிட்டது.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். திருப்பூர் டீக்கடைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சக ஆசிரியர்கள் மீதான கோபத்துக்கு முக்கால் பக்கம். காய்ந்துபோன 61 குழாய்களுக்கு மூன்று வரி. உங்களுக்கு நுண்ணோக்கியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த மனிதரின் மரணத்துக்கு ஒரே ஒரு வரி. அதற்கடுத்தது: 'என் பிரச்சினை அதுவல்ல.' முப்பது வருடமாக மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு இப்படி ஒரு வரியைக் கண்டால் கை தானாகப் பென்சிலைத் தேடும். அதை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பாசி என்றால் குளத்துப் படிக்கட்டில் வழுக்கிவிடுவது என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தாவரவியல் படித்த நண்பர் ஒருவரை அழைத்து, குழாயில் பாசி வளர்ப்பது எத்தனை பெரிய வேலை என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். வயலிலிருந்து ஒரு சொட்டு நீரை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரே ஓர் இனத்தை மட்டும் பிரித்தெடுக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்றார். அதன் பிறகு அறைச்சூடு ஏறாமல், விளக்கு அணையாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு, அதாவது பாசிக்கு உணவாகும் கரைசலுக்கு, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கைக்குழந்தை மாதிரி என்றார். சென்னையில் எம்.ஓ.பி. அய்யங்கார் தொடங்கி, அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி வளர்த்தெடுத்த துறை இது, இதில் பாதிப் படிப்பு குருவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என்றும் சொன்னார்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் 2020-ஐ நினைத்துப் பார்த்தேன். மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. இரண்டு வாரத்தில் திறந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆய்வகத்தைப் பூட்டினோம். 24-ஆம் தேதி இரவு எட்டு மணி அறிவிப்புக்குப் பிறகு அந்தப் பூட்டு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் உங்கள் குழாய்கள் மங்கியிருக்கும். மே, ஜூனில் வெளுத்திருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி அது நடப்பதை நாள் கணக்கோடு அறிந்துகொண்டிருந்த மனிதர் நீங்கள். யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? தண்டவாளத்தின் வழியே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் நடந்துகொண்டிருந்தபோது, 'என் பாசி செத்துக்கொண்டிருக்கிறது' என்று ஒருவர் அழ முடியுமா? உங்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும். விழுங்கிவிட்டீர்கள்.

அடுத்த ஆண்டு மே. தமிழ்நாட்டில் ஒரே நாளின் தொற்று 36,000-ஐத் தாண்டிய மாதம். உங்கள் வழிகாட்டியின் உடலைக் கட்டிக்கொடுத்ததையும், நீங்கள் வீடியோ அழைப்பில் பார்த்ததையும், துறையின் இரங்கல் கூட்டம் கூகுள் மீட்டில் நாற்பது பேர் ஒலியை அணைத்துவைத்திருக்க நடந்ததையும் அந்த ஒற்றை வரிக்குள் அடக்கியிருந்தீர்கள். தோள் கொடுக்கவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகவில்லை. நம் ஊரில் துக்கம் கேட்கப் போவது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது போகிறவருக்கும் சேர்த்துத்தான். அந்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஓர் அலமாரி, அதில் அவர் கையெழுத்தோடு காய்ந்துபோன குழாய்கள்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். நாஸ்டாக், அனபீனா மாதிரியான வயல் பாசிகள் வறட்சிக்கு அஞ்சுவதில்லை. சில வகைகள் தடித்த சுவருள்ள உறக்கச் செல்களை உருவாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடக்கும், ஈரம் கிடைத்தால் மறுபடி துளிர்க்கும் என்றார். கோடை முழுவதும் வெடித்துக் கிடக்கும் வயலில் மடைத் தண்ணீர் பாய்ந்ததும் பச்சை படர்வது அதனால்தானாம். எனக்கு இது புதுச் செய்தி. உங்களுக்கு? பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம் ஐயா இது. அப்படியிருக்க, இத்தனை ஆண்டுகளில் ஒரு குழாயைக்கூட நனைத்துப் பார்க்காதது ஏன்?

இதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம். ஆனால் 'என் மதிப்பீடுகள் மாறிவிட்டன, அதனால் ஆய்வை விட்டேன்' என்று நீங்கள் சொல்லிக்கொள்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அலமாரியைத் திறக்க முடியவில்லை, அதனால் ஆய்வு நின்றது. மதிப்பீடு மாறியது வேறு கதை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம்போலத் தோன்றுகிறது.

அந்த மாற்றம் பொய் என்று சொல்லவில்லை. அது எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். உங்கள் தலைமுறைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு எண்ணிக்கை நோய் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். நானும் ஒன்பது ஆண்டுகள் கல்லூரியில் உளவியல் நடத்தியவள். 2010-இல் யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. மதிப்பாய்வுள்ள இதழில் ஒரு கட்டுரைக்கு 15 புள்ளி, ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ்ப் பதிவு எண் மட்டும் இருந்தால் 10. அந்த 10 புள்ளிக்காகவே முளைத்த இதழ்கள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டிய வாரத்தில் கட்டுரை அச்சாகிவிடும். உங்கள் 32-இல் அப்படி வந்தவை ஏழு என்று நீங்களே கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்காமலே கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன்.

பிறகு ஊரடங்கில் வெபினார் மழை. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கடைசியில் ஒரு படிவம், ஐந்து கேள்வி, இரண்டுக்குச் சரியாகப் பதில் சொன்னால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். 23 சான்றிதழ்கள் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்படாதீர்கள், அதில் இரண்டு மூன்றில் நான் பேசியிருக்கக்கூடும். மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று, முகம் தெரியாத 500 பெயர்களைப் பார்த்து, என் மன அழுத்தத்தோடு பேசினேன். ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் என் ஒலி வேலை செய்யவே இல்லை. யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

உங்கள் மனதில் எதுவோ முறிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். திருப்பூர் டீக்கடை அதற்கு இரண்டரை ஆண்டுக்குப் பிறகு வருகிறது. வளாகம், நூலகம், கருத்தரங்கு, பொன்னாடை எல்லாம் இருந்தவரை அந்த எண்ணிக்கைக்கு ஒரு மரியாதை இருந்தது. எல்லாம் ஒரு கைப்பேசித் திரைக்குள் சுருங்கியபோது எண் மட்டும் தனியாக நின்றது. அப்போது அதன் வறுமை தெரிந்துவிட்டது. ஆய்வு மீது உங்களுக்கு வெறுப்பு வரவில்லை, கணக்கு மீதுதான் வந்தது. இவை இரண்டையும் பத்து ஆண்டுகள் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டதால், ஒன்றைத் தூக்கி எறிந்தபோது மற்றதும் கையோடு போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. 2018 யு.ஜி.சி. விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர் இணைப் பேராசிரியராவதற்கு அவை கேட்பது முனைவர் பட்டம், பணிக்காலம், புத்தாக்கப் பயிற்சி, ஆண்டு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் முதலில் பார்ப்பது ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்பதை. கட்டுரைகளின் எண்ணிக்கை கறாராக வருவது அதற்கு அடுத்த பேராசிரியர் நிலைக்குத்தான். அங்கேயும் கேட்பது குறைந்தது 10. ஆக, இழுப்பறையில் கிடக்கும் அந்தக் கோப்பு உங்களிடம் புதிதாக ஒரு கட்டுரையும் கேட்கவில்லை. நீங்கள் எதிர்த்து நிற்கும் அளவுகோல் உங்களைப் போன்றவர்களைப் பொறுத்தவரை 2018-லேயே தளர்ந்துவிட்டது.

கோப்பை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சம்பள விவகாரம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது 'நான் யார்' என்று யோசிக்கிறோமா? மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர வேண்டிய பணத்தைத் தடுத்துவைத்து நீங்கள் யாருக்கு எதை நிரூபிக்கிறீர்கள்? இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்.

இனி அந்தத் தம்பி.

மன மருத்துவத்தில் அறக்காயம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ஜோனதன் ஷே 1990-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உயிர் பயத்தால் வரும் காயம் வேறு. சரி என்று நம்பியதற்கு மாறாக நடந்துகொண்டதால், அல்லது அப்படி நடக்கப் பணிக்கப்பட்டதால் வரும் காயம் வேறு. கொரோனா காலத்தில் எந்த நோயாளிக்கு ஆக்சிஜன் என்று முடிவெடுக்க வேண்டியிருந்த மருத்துவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. ஆசிரியர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வெட்டுப் போடுவதற்கு யார் காயப்படுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

காயம் என்று ஒப்புக்கொண்டால் அதன் அளவையும் சரியாகப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா அந்தத் தோப்பைச் சாய்த்தது. அந்தத் தம்பி பிளஸ் டூ கடைசித் தேர்வு எழுதியது ஊரடங்கு அறிவிப்பு வந்த அதே மார்ச் 24. ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பது நீங்கள் வகுத்த விதி இல்லை. டேட்டா கொடுத்தவர்கள் போன் இருக்கிறதா என்று கேட்கவில்லை. 75 சதவீத வருகை விதியையும் நீங்கள் எழுதவில்லை. இவ்வளவையும் கழித்த பிறகு உங்கள் பங்காக மிஞ்சுவது 31 நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்திருந்தால் அவர் படிப்பைத் தொடர்ந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. இதை நான் மெழுகி மறைக்கப் போவதில்லை. நீங்களும் மறைக்க வேண்டாம், ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம். ஓர் இளைஞனின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்பது ஒருவகையில் உங்களுக்கு நீங்களே பெரிய இடம் கொடுத்துக்கொள்வது. அவர் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டதாக அவர் சொன்னாரா? வேலை செய்து, கடன் அடைத்து, ஆசிரியருக்கு டீ வாங்கிக் கொடுக்கும் நிலையில் நிற்கிறார்.

ஒரு நடைமுறைக் கேள்வி கேட்கிறேன். சேர்க்கையின்போது வாங்கிவைத்த அவருடைய டி.சி.யும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் இப்போது எங்கே? பெயர் நீக்கப்பட்ட மாணவர்களின் அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலக அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கட்டுக் கட்டாகக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கட்டணப் பாக்கி என்று ஒரு காரணம் சொல்வார்கள். பையன்களும் பயந்துகொண்டு கேட்க வர மாட்டார்கள். நீங்கள் இத்தனை சனிக்கிழமைகளில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறீர்கள். அலுவலகக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் இதைக் கேட்டீர்களா?

கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். அவர் விரும்பினால், விரும்பினால் மட்டும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். திருப்பூருக்கு ஒரு டிக்கெட், ஒரு டீ, இந்த முறை காசு நீங்கள் கொடுங்கள். அழைக்காமல் விட்டதைப் பற்றி அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஒன்று போதும். உங்கள் மன்னிப்பைச் சுமக்க வேண்டிய வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "யாருக்குக் கடன்பட்டு இப்படி அலைகிறீர்கள்?" என்ற உங்கள் மனைவியின் கேள்வியைப் படித்துத்தான். என் தொழிலில் பல அமர்வுகள் எடுத்துக்கொண்டு கேட்பதை அந்த அம்மா சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டார். ஒருவருக்குப் பட்ட கடனை ஊரில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தவணை முடியவே முடியாது, ஏனென்றால் கொடுக்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. குற்றவுணர்வில் ஓடுகிற சேவை சில வருடம் நன்றாகவே ஓடும். பிறகு ஒருநாள், நீங்கள் தேடிப்போன வீட்டில் ஒரு மாணவன் கதவைத் திறக்காமல் இருப்பான், அல்லது "எங்களுக்கு விருப்பமில்லை சார்" என்று அவன் அப்பா சொல்வார். அன்றைக்கு உங்களுக்கு வரும் கோபம் உங்களையே பயமுறுத்தும்.

வீட்டுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கல்லூரியில் வழிகாட்டி ஆசிரியர் பதிவேடு என்று ஒன்று நிச்சயம் இருக்கும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது என்றால் ஒரே இரவில், ஒரே பேனாவில், ஆறு மாதத்துக்கு நிரப்புவோமே, அதுதான். ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள். அந்தப் பதிவேட்டை உண்மையாக நிரப்பத் தொடங்குங்கள். மூன்றாம் நாள் ஒரு போன். வீட்டில் போன் யாருடையது, அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார், பஸ் எத்தனை மணிக்கு, யாருக்கு அறுவடை நேரத்தில் விடுப்பு தேவைப்படும் என்று குறித்துவையுங்கள். நீங்கள் உங்கள் நோட்டில் எழுதிவைத்திருக்கும் இதே விவரங்கள் துறைப் பதிவேட்டில் இருந்தால், நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் யாராவது அழைப்பார்கள். வீட்டுக்குப் போவது பத்தில் ஒன்றுக்குத்தான் தேவைப்படும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளாவது உங்கள் வீட்டில் இருங்கள்.

சக ஆசிரியர்கள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. 'எண்ணிக்கை வியாபாரிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துறையில் இரண்டு இளைஞர்கள் சுயநிதிப் பிரிவில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2020-இல் அந்தப் பிரிவுகளில் எத்தனையோ பேருக்குச் சம்பளம் பாதியானது, சிலருக்கு வரவே இல்லை. முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு கூலி வேலைக்கும் காய்கறி விற்கவும் போனவர்களைப் பற்றி அப்போது செய்தித்தாள்களில் படித்தோம். உங்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மதிப்பீடுகளை மாற்றிக்கொள்ளும் வசதியை உங்களுக்கு அந்தச் சம்பளம்தான் கொடுத்தது. அவர்களுக்கு அடுத்த நேர்காணலில் யாரும் எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கப்போவதில்லை, எத்தனை கட்டுரை என்றுதான் கேட்பார்கள். உங்களைப் பார்த்து அவர்கள் 'சமூக சேவகர்' என்று சொல்வதில் கேலி மட்டும்தான் இருக்கிறதா, கொஞ்சம் பொறாமையும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால் அந்த இருவரில் ஒருவருக்கு ஒரு கட்டுரையை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுங்கள், பணம் கட்டாத இதழில் வெளியாகும்படி. உங்கள் வழிகாட்டி உங்களுக்குச் செய்தது அதைத்தானே?

மூன்று மணி விழிப்பைப் பற்றி: உறக்கக் குறைவோடு பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்குமேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தில் சொல்லும் அறிவுரை அதற்கு மாற்று ஆகாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

ஆய்வாளனா, ஆசிரியனா என்று ஒற்றைப் பதில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அலமாரியைத் திறந்த பிறகு கேளுங்கள். திறந்து, நனைத்து, மூன்று வாரம் பார்த்தும் நுண்ணோக்கி பக்கம் கை போகவில்லை என்றால், ஆய்வு உங்களை விட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை; நல்ல ஆசிரியராக ஓய்வு பெறுங்கள். கை போனால், 33-ஆவது கட்டுரை என்று மட்டும் நினைக்காமல் பாருங்கள்.

உறங்கும் பாசி துளிர்க்கும் என்று நான் சொன்னதை உவமையாக எடுத்துக்கொண்டு உருகிவிட வேண்டாம். தாவரவியல் தகவலாகத்தான் சொன்னேன். 61-உம் செத்தே போயிருக்கலாம். அப்படியிருந்தால் லேபிள்களைப் பத்திரமாக எடுத்துவிட்டுக் குழாய்களைக் கழுவி வையுங்கள். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது புதிதாகச் சேகரிக்கலாம்.

முதலில் சான்றிதழ். அது ஒரு வாரத்து வேலை, அதைத் தள்ளிப்போட உங்களிடம் காரணம் எதுவும் இல்லை. பிறகு கோப்பு. அலமாரி கடைசியில். அதைத் தனியாகத் திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கும் அவருக்கும் ஊடகம் காய்ச்சிக் கொடுத்த ஆய்வக உதவியாளர் இன்னும் பணியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரும் அந்த இரங்கல் கூட்டத்தில் ஒலி அணைக்கப்பட்ட ஒரு பெயராகத்தான் இருந்திருப்பார். அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.